முதுமையில் உணவும் மூளை நலமும்

முதுமையில் உணவும் மூளை நலமும் என்பது, ஒருவர் வாழ்நாளில் உட்கொள்ளும் உணவு முதுமையில் அவரது நினைவாற்றல், கவனம், மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராயும் துறையாகும். ஊட்டச்சத்தியல், நரம்பியல், முதியோர் மருத்துவம் ஆகியன இதில் ஒன்றிணைகின்றன. இக்கட்டுரை, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்திலுள்ள ஏற்காடு, சேர்வராயன் மலைப் பகுதியின் உணவுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்துறையின் முக்கிய முடிவுகளை விளக்குகிறது.

எந்த ஒரு தனி உணவும் மறதிநோயைத் தடுக்கும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. உணவு மூளையை இரு வழிகளில் பாதிக்கிறது. முதலாவது, பல பத்தாண்டுகளில் குருதி நாளங்களுக்கு ஏற்படும் நன்மை அல்லது கேடு. இரண்டாவது, உயிர்ச்சத்து பி12, தயமின் போன்ற குறிப்பிட்ட சத்துக்களின் குறைபாடு. இரண்டாம் வகைப் பாதிப்புகளை உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். ஆயினும் அவை "வயதானால் மறதி இயல்பு" என்ற எண்ணத்தால் கவனிக்கப்படாமல் விடப்படுவதுண்டு.

முதுமையும் மூளையும்

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆயினும், ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. இந்த ஆற்றலைச் சேமித்து வைக்கும் வசதி மூளைக்கு மிகக் குறைவு. எனவே குருதி வழியாகக் குளுக்கோசும் ஆக்சிசனும் இடையறாது வந்துகொண்டிருக்க வேண்டும். மூளைக்குள் செல்லும் நுண்ணிய குருதி நாளங்கள் தடித்தோ அடைபட்டோ போகும்போது சிந்தனையின் வேகமும் நினைவும் குன்றுகின்றன.

வயது ஏற ஏறப் பெயர்களை நினைவுகூரச் சற்று நேரம் பிடிப்பது இயல்பான மாற்றமாகும். அன்றாட வேலைகளைச் செய்ய இயலாத அளவிற்கு நினைவும் சிந்தனையும் குன்றும் நிலையே மறதிநோய் எனப்படுகிறது. இதன் மிகப் பொதுவான வகை ஆல்சைமர் நோய் ஆகும். இதனை 1906ஆம் ஆண்டு செருமானிய மருத்துவர் அலோயிசு ஆல்சைமர் முதன்முதலில் விவரித்தார். குருதி நாளப் பாதிப்பால் வருவது மற்றொரு வகையாகும். முதியோர் பலரிடம் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

இந்தியாவில் 60 வயதிற்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. நகரங்களைவிட நாட்டுப்புறங்களிலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது மிகுதி என அவ்வாய்வு கண்டது.

சேர்வராயன் மலையும் அதன் உணவும்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இதன் மேல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. இம்மலையின் தொல்குடிகள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் ஆவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்து மலையாளிகளுக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக இவர்களிடையே வழக்குக் கதை உண்டு. அருகிலுள்ள கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை ஆகியவற்றிலும் இவர்கள் வாழ்கின்றனர்.

கேழ்வரகு, சாமை, தினை ஆகியன இம்மக்களின் மரபான தானியங்களாகும். கேழ்வரகுக் களியும் கூழும், சாமைச் சோறும் அன்றாட உணவாக இருந்தன. இவற்றுடன் அவரை, மொச்சை, துவரை போன்ற பருப்பு வகைகளும், கீரைகளும், கிழங்குகளும், பலா, கொய்யா, வாழை போன்ற பழங்களும் உண்ணப்பட்டன.

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பின்னர் காப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்ட நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றப்பட்டது. தன் நிலத்துத் தானியத்தை உண்டவர்களில் பலர் கூலி பெற்று உணவு வாங்குவோர் ஆயினர். அரிசி எளிதில் கிடைப்பதும் உணவுப் பழக்கத்தை மாற்றியது. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை அரிசி 2008 செப்டம்பரில் கிலோ 1 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 2011 சூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு இலவசமாகவே வழங்கப்படுகிறது. இது பசியைப் போக்கிய திட்டம் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் சிறுதானியத்தின் இடத்தை அரிசி பிடித்தது.

சிறுதானியம் குறைந்ததற்கு விலை மட்டும் காரணமன்று. சாமையின் உமியை உரலில் இட்டுக் குத்தி நீக்குவது கடும் உழைப்பாகும். அது பெரும்பாலும் பெண்கள் மீதே விழுந்தது. அண்டை மலையான கொல்லிமலையில், சேகோ ஆலைகளுக்கான மரவள்ளிக் கிழங்குச் சாகுபடி சிறுதானிய நிலங்களைப் பிடித்துக்கொண்டது. அங்கு எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து சிறுதானிய மீட்புப் பணியில் ஈடுபட்டது. உமி நீக்கும் சிறு எந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்தது அப்பணியின் முக்கியக் கூறுகளில் ஒன்றாகும்.

தானியமும் குருதி நாளங்களும்

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்தும் 364 மில்லிகிராம் சுண்ணச்சத்தும் உள்ளன. தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராமிற்கும் குறைவு. நார்ச்சத்து மிகுந்த தானியம் மெதுவாகச் செரிப்பதால், உணவிற்குப் பின் குருதிச் சர்க்கரை திடீரென உயர்வதில்லை.

இதற்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு நீரிழிவு நோய் வழியானது. நெடுங்கால நீரிழிவு மூளையின் நுண் நாளங்களைப் பாதித்து மறதிநோய்க்கான வாய்ப்பை உயர்த்துகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதாகக் கண்டது.

சிறுதானியம் என்பதாலேயே எவ்வளவு உண்டாலும் சர்க்கரை கூடாது என்பது தவறாகும். நைசாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி முழுத் தானியச் சோற்றைவிட விரைவில் செரிக்கும். பாலிஷ் செய்த சாமையில் நார்ச்சத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. தானியத்தின் அளவும், அதனுடன் உண்ணும் பருப்பு, கீரை, காய் ஆகியவற்றின் பங்கும் முக்கியமானவை.

உப்பும் எண்ணெயும் இதே வழியில் செயல்படுகின்றன. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமிற்கும் குறைவாக இருக்க வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. நியாயவிலைக் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும் பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பாகும். இது மிகும்போது குருதியில் தீய கொழுப்பு உயர்கிறது.

2024இல் லான்செட் இதழின் ஆணையம் மறதிநோய்க்கான மாற்றத்தக்க இடர்க் காரணிகள் 14ஐப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என அது மதிப்பிட்டது. அப்பட்டியலில் உணவு தனிக் காரணியாக இடம்பெறவில்லை. ஆனால் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், உடற்பருமன், தீய கொழுப்பு, மிகுந்த குடிப்பழக்கம் ஆகிய ஐந்தும் இடம்பெற்றுள்ளன. ஐந்தும் உண்பதோடும் குடிப்பதோடும் தொடர்புடையவை.

தயமின்

தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1, மூளை குளுக்கோசிலிருந்து ஆற்றல் பெற இன்றியமையாதது. இதன் கடும் குறைபாடு பெரிபெரி நோயை உண்டாக்கும். இந்நோயைப் பற்றிய இந்திய ஆய்வு தமிழ்நாட்டு மலை ஒன்றில்தான் வேரூன்றியது. நீலகிரி மாவட்டம் குன்னூரிலுள்ள பாசுட்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், 1918இல் சர் இராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அது 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆகும்.

நெல்லை வேகவைத்துக் காயவைத்து அரைக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகிறது. ஆகையால் புழுங்கல் அரிசியில் பச்சரிசியைவிடத் தயமின் கூடுதலாக எஞ்சுகிறது. அரிசியைப் பலமுறை கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் தயமின் வீணாகிறது.

இன்று தயமின் குறைபாட்டால் வரும் மூளைப் பாதிப்பு பெரும்பாலும் நெடுநாள் மது அருந்துவோரிடம் காணப்படுகிறது. மது, தயமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. மேலும் குடிப்பவர் உணவைக் குறைத்துக்கொள்கிறார். தொடக்கத்தில் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு ஆகியவை தோன்றும். உடனடியாக ஊசி வழித் தயமின் அளிக்காவிட்டால், புதிய நினைவுகளைப் பதிய இயலாத நிலை நிலைத்துவிடக்கூடும்.

உயிர்ச்சத்து பி12

உயிர்ச்சத்து பி12 நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள உறையைப் பேணுவதற்கும் குருதிச் சிவப்பணுக்கள் உருவாவதற்கும் தேவையாகும். வயது வந்தோரின் நாள் தேவை ஏறத்தாழ 2.4 மைக்ரோகிராம் மட்டுமே. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, குறிப்பாக ஈரல், இதன் மூலங்களாகும். கேழ்வரகு, கீரை, பருப்பு எதிலும் இது இல்லை. புளித்த கூழும் பழைய சோறும் பிற வகையில் நல்ல உணவாயினும், பி12க்கான நம்பத்தக்க மூலங்களாகக் கொள்ளப்படுவதில்லை.

முதுமையில் இக்குறைபாடு மிகுவதற்குப் பல காரணங்கள் உள்ளன.

வயதாகும்போது இரைப்பை அமிலம் குறைவதால், உணவிலிருந்து பி12 பிரிந்து உறிஞ்சப்படுவது குறைகிறது.
நீரிழிவிற்கு உட்கொள்ளும் மெட்பார்மின் மருந்தும், நெடுங்காலம் உட்கொள்ளும் அமிலக் குறைப்பு மருந்துகளும் உறிஞ்சுதலைக் குறைக்கின்றன.
பல் இழப்பு, வறுமை, தனிமை ஆகியவற்றால் முதியோர் பலர் கஞ்சியும் ரசச் சோறுமாக உணவைச் சுருக்கிக்கொள்கின்றனர். கைம்பெண்கள் சிலர் புலால் உணவை விட்டுவிடுவதும் உண்டு.

ஈரலில் பி12 சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமானது என்பதால் குறைபாடு மெதுவாகவே வெளிப்படுகிறது. கால் மரத்துப்போதல், எரிச்சல், நடையில் தள்ளாட்டம், சோர்வு, மறதி, மனச்சோர்வு ஆகியன இதன் அறிகுறிகள். குருதிச்சோகை இல்லாமலேயே நரம்புப் பாதிப்பு வரலாம். போலிக் அமில மாத்திரை மட்டும் உட்கொண்டால் குருதிச்சோகை மறைந்து, நரம்புப் பாதிப்பு தொடரக்கூடும். குருதிச் சோதனை மூலம் குறைபாட்டை அறியலாம். மாத்திரை அல்லது ஊசி மூலம் சரிசெய்யலாம். சிகிச்சை தாமதமானால் பாதிப்பு முழுமையாக மீளாமல் போகலாம்.

குறைபாடு உள்ளவருக்குப் பயன் தருவது, குறைபாடு இல்லாதவருக்கும் பயன் தரும் என்று கொள்ளலாகாது. ஆக்சுபோர்டில் 70 வயதிற்கு மேற்பட்ட, இலேசான அறிதிறன் குறைவு உடையவர்களிடம் நடந்து 2010இல் வெளிவந்த சோதனையில், பி வகை உயிர்ச்சத்துக்கள் மூளைச் சுருக்கத்தின் வேகத்தைக் குறைத்தன. குருதியில் ஓமோசிசுட்டீன் அளவு மிகுந்திருந்தவர்களிடமே இப்பயன் கூடுதலாக இருந்தது. ஏறத்தாழ 22,000 பேரின் தரவுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, பொதுவான முதியோரிடம் இவற்றால் அறிதிறன் மேம்படவில்லை எனக் கண்டது.

அயோடினும் தைராய்டும்

மலைப்பகுதி மண்ணிலிருந்து மழை நீர் அயோடினை அரித்துச் செல்வதால், மலைவாழ் மக்களிடம் முன்கழுத்துக் கழலை பல நாடுகளில் மிகுதியாகக் காணப்பட்டது. அயோடின் குறைபாட்டின் மிகக் கொடிய விளைவு கருவிலுள்ள குழந்தையின் மூளை மீதே ஆகும். இந்தியாவில் அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்கென விற்பது 2006 முதல் மீண்டும் தடைசெய்யப்பட்டுள்ளது.

முதியோரிடம் தைராய்டு சுரப்புக் குறைவு பெரும்பாலும் வேறு காரணங்களால் வருகிறது. மந்தமான பேச்சு, மறதி, தூக்கம், மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவை அதன் அறிகுறிகள். ஏற்காடு போன்ற குளிர்ந்த இடத்தில் கடைசி அறிகுறி எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடும். இதனையும் குருதிச் சோதனையால் கண்டறிந்து மருந்தால் சரிசெய்யலாம்.

காப்பி

சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அராபிக்கா வகைக் காப்பி விளைகிறது. காப்பியிலுள்ள கபீன், மூளையில் உறக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தடுத்து விழிப்பைத் தருகிறது.

பின்லாந்தில் 1,409 பேரைச் சராசரியாக 21 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், நடுவயதில் நாள்தோறும் 3 முதல் 5 குவளை காப்பி அருந்தியவர்களிடம் மறதிநோய் குறைவாக இருந்தது. பிரித்தானியத் தரவுகளைக் கொண்ட 2021ஆம் ஆண்டு ஆய்வில், 6 குவளைக்கு மேல் அருந்தியவர்களிடம் மறதிநோய் வாய்ப்பு மிகுந்திருந்தது. இவை தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. காப்பியே காரணம் என்பதை நிறுவவில்லை.

தமிழ்நாட்டுக் காப்பியில் சேரும் சர்க்கரையையும் கணக்கில் கொள்ள வேண்டும். உணவுடன் சேர்த்து அருந்தும் காப்பி, தானியம், கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. மாலையில் அருந்துவது முதியோரின் உறக்கத்தைக் கெடுக்கலாம்.

வல்லாரையும் மஞ்சளும்

வல்லாரைக் கீரை நினைவாற்றலுக்கு உகந்தது என்பது சித்த மருத்துவத்திலும் மக்கள் வழக்கிலும் நிலைத்த நம்பிக்கையாகும். மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு மீளாய்வு, வல்லாரை அறிதிறனை உயர்த்துவதற்குப் போதிய சான்று இல்லை எனக் கண்டது. கீரை என்ற முறையில் அது நல்ல உணவே.

சேலமும் ஈரோடும் மஞ்சள் வணிகத்திற்குப் பெயர்பெற்றவை. மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆய்வகத்தில் ஆல்சைமர் நோய்ப் புரதங்களின் மீது செயல்படுவது காணப்பட்டது. ஆனால் அது குடலிலிருந்து குருதிக்குள் மிகக் குறைவாகவே செல்கிறது. நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் தெளிவான பயனைக் காட்டவில்லை. 3,069 முதியோரிடம் நடந்து 2008இல் வெளிவந்த கிங்கோ இலைச் சோதனையும் மறதிநோயைத் தடுக்கவில்லை. நினைவாற்றல் மாத்திரைகளுக்குச் செலவிடும் பணத்தில் முட்டையும் பாலும் பருப்பும் வாங்குவது வருமானம் குறைந்த முதியோருக்குக் கூடுதல் பயனளிக்கும்.

முழு உணவு முறை பற்றிய ஆய்வுகள்

கீரை, பழம், முழுத்தானியம், பருப்பு, கொட்டை, மீன் ஆகியவற்றை வலியுறுத்தும் மைண்டு உணவு முறையைப் பின்பற்றியவர்களிடம் ஆல்சைமர் நோய் குறைவாக இருந்ததாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2015இல் கூறியது. ஆனால் 604 பேரிடம் மூன்றாண்டுகள் நடத்தப்பட்டு 2023இல் வெளிவந்த நேரடிச் சோதனையில், ஒப்பீட்டுக் குழுவைவிட அவ்வுணவுக் குழுவின் அறிதிறன் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. முதுமையில் மூன்றாண்டுகள் உணவை மாற்றுவது போதாமல் இருக்கலாம் என்பது ஒரு விளக்கமாகும்.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் இரண்டாண்டுகள் நடந்து 2015இல் வெளிவந்த பிங்கர் சோதனை, உணவுடன் உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, குருதி அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றையும் இணைத்தது. இதில் அறிதிறன் மேம்பட்டது.

மலைக் கிராமங்களுக்கு மிகவும் பொருத்தமானது 2025இல் வெளிவந்த சீன ஆய்வாகும். நாட்டுப்புறச் சீனாவின் 326 ஊர்களில், உயர் குருதி அழுத்தம் உடைய 33,995 பேரிடம் அது நடந்தது. சிறப்பு மருத்துவர்கள் அல்லாத ஊர்ப்புற நலப் பணியாளர்களே மருந்தும் வாழ்க்கைமுறை அறிவுரையும் அளித்தனர். நான்காண்டுகளில் மறதிநோய் 15 விழுக்காடு குறைந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்துகளை வீட்டிற்கே கொண்டு செல்கிறது. மாதந்தோறும் கீழிறங்கி மருத்துவமனைக்குச் செல்ல இயலாத முதியவருக்கு, அம்மருந்து மூளை நலத்திற்கான மருந்துமாகும்.

நடைமுறையில் உணவு

நாளில் ஒரு வேளையேனும் கேழ்வரகு அல்லது உமி மட்டும் நீக்கிய சாமை.
ஒவ்வொரு வேளையும் அவரை, மொச்சை, துவரை, கொள்ளு போன்றவற்றில் ஒன்று. பல் இல்லாதவர்களுக்கு மசித்து அளிக்கலாம்.
நாள்தோறும் கீரையும் காயும், ஒரு பழமும். இவை சேர்ந்து 400 கிராம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை.
பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இயன்றது. எதுவும் உண்ணாதவர் மருத்துவரிடம் பி12 பற்றிக் கேட்டறிதல்.
குறைந்த உப்பு, அதுவும் அயோடின் சேர்த்த உப்பு.
மது தவிர்த்தல்.

முதியவரின் எடை காரணமின்றிக் குறைவது நல்ல அறிகுறியன்று. உண்டதை மறப்பதும், சமைக்க இயலாமல் போவதும் மறதிநோயின் தொடக்கமாக இருக்கலாம். இந்நிலையில் பத்தியம் விதிப்பதைவிட, போதிய உணவு உண்ணச் செய்வதே முதன்மையானது.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

பழகிய வழியில் திசை தவறுதல், ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்டல், பணக் கணக்கில் புதிதாகத் தடுமாறுதல், ஆளுமை மாற்றம் ஆகியவை வயதின் இயல்பான விளைவுகள் அல்ல. சில நாட்களுக்குள் தோன்றும் திடீர்க் குழப்பம் நோய்த்தொற்று, நீரிழப்பு, சர்க்கரைக் குறைவு, மருந்தின் பக்க விளைவு ஆகியவற்றால் வரலாம். இது உடனடிச் சிகிச்சைக்குரியது. மறதிநோய் என்று முடிவு செய்யும் முன் பி12, தைராய்டு, குருதிச் சர்க்கரை, குருதிச்சோகை ஆகிய சோதனைகளும், செவித்திறன், பார்வை, மனச்சோர்வு பற்றிய ஆய்வும் செய்யப்படுவது வழக்கமாகும்.

இவற்றையும் பார்க்க

ஏற்காடு
சேர்வராயன் மலை
மலையாளிகள் (பழங்குடி)
சிறுதானியங்கள்
ஆல்சைமர் நோய்
உயிர்ச்சத்து பி12
தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்